ஓர் இசைஞரின் முதுமையும் இசைத்தட்டுகளும்

சொந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறிய நம்மில் பலர், பெட்டியின் அடியில் சில பழைய இசைத்தட்டுகளையும் வைத்து எடுத்து வந்தவர்களே. பாடியவர் மறைந்த பின்னும் குரல் நம்மோடு இருக்கிறது என்பதை அத்தட்டுகள் நமக்கு உணர்த்தியிருக்கின்றன. அந்த அனுபவத்தைத் துணையாகக் கொண்டு, ஆங்கில இசைஞர் ரால்ப் வாகன் வில்லியம்ஸின் கடைசி நான்கு ஸிம்பனிகள் இசைத்தட்டில் ஏறிய வரலாற்றைக் காண்போம்.

நம் கீர்த்தனையில் பாடகரின் மனோதர்மத்துக்கு நிறைய இடமுண்டு. மேனாட்டு ஸிம்பனியிலோ எந்த வாத்தியம் எந்த ஸ்வரத்தை எப்போது ஒலிக்க வேண்டும் என்பதை இயற்றியவரே ஏட்டில் எழுதிவிடுகிறார். ஆயினும் ஏடு ஊமைதான். வாத்தியக் குழுவும் அதை நடத்துபவரும் சேர்ந்த பின்னரே அது பேசத் தொடங்குகிறது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இது புதிதன்று. மூலம் ஒன்றே, அதைச் சொல்லும் குரல்களோ பல.

வாகன் வில்லியம்ஸ் 1872-ஆம் ஆண்டு பிறந்தவர். அவர் இயற்றிய ஸிம்பனிகள் ஒன்பது. அவற்றுள் ஆறாவது, 1948 ஏப்ரல் 21 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் அரங்கேறியபோது அவருக்கு வயது 75. நடத்தியவர் ஏட்ரியன் போல்ட். உலகப் போர் முடிந்து மூன்றாண்டுகூட நிறையாத அக்காலத்தில், கொந்தளிப்பில் தொடங்கி மெல்லிய ஒலியில் மறையும் அப்படைப்பைக் கேட்டவர்கள் அதில் போரின் அழிவையே கண்டனர். இசைஞரோ அவ்வாறு பொருள் கூறுவதை விரும்பவில்லை.

1949 பிப்ரவரியில் அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் அந்த ஸிம்பனி ஒலிப்பதிவாயிற்று: நியூயார்க்கில் ஸ்டோகோவ்ஸ்கி, லண்டனில் போல்ட். அக்காலத் தட்டின் ஒரு பக்கத்தில் நாலைந்து நிமிட இசையே அடங்கும். நான்கு பகுதிகளும் இடைவெளியின்றி ஓடும் ஸிம்பனியைக் கேட்பவர், அடிக்கடி எழுந்து தட்டைத் திருப்ப வேண்டியிருந்தது. இதற்கிடையே இசைஞர் மூன்றாம் பகுதியைத் திருத்தினார். 1950-இல் போல்ட் அப்பகுதியை மட்டும் மீண்டும் பதிவு செய்தார். ஸ்டோகோவ்ஸ்கியின் தட்டிலோ திருத்தத்துக்கு முந்திய உருவமே நிலைத்துவிட்டது. ஆசிரியர் அடித்தெழுதிய வரியை இன்றும் நாம் கேட்க முடிகிறது.

நீண்ட நேரம் ஓடும் தட்டுகள் வந்தபின், டெக்கா நிறுவனத்துக்காகப் போல்ட், லண்டன் ஃபில்ஹார்மானிக் குழுவைக் கொண்டு முதல் ஏழு ஸிம்பனிகளையும் 1952 முதல் 1954 வரை பதிவு செய்தார். செவிப்புலன் மங்கிய முதியவர் உடனிருந்து கவனித்தார். ஆறாவதன் இறுதிப் பகுதி முழுவதும் மிகத் தாழ்ந்த ஒலியிலேயே செல்வது. உரக்க வாசிப்பதைவிடத் தளராமல் மெல்ல வாசிப்பதே கடினம். அதை வாசித்து முடித்த கலைஞர்களுக்கு இசைஞர் தம் வாயாலேயே நன்றி கூறினார். அந்தப் பேச்சும் அத்தட்டில் இடம்பெற்றது.

ஏழாவது, தென் துருவப் பயணத்தில் உயிர் நீத்த ஸ்காட்டின் குழுவைப் பற்றிய 1948-ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் இசையிலிருந்து பிறந்தது. காற்றின் ஓலத்தை எழுப்பும் கருவியும் சொற்களற்றுப் பாடும் பெண் குரல்களும் அதில் உண்டு. ஏட்டில் ஒவ்வொரு பகுதிக்கும் முகப்பாக எழுதப்பட்ட வரிகளை, டெக்கா தட்டில் நடிகர் ஜான் கீல்குட் வாசித்தார். எட்டாவதை 1956 மே மாதம் மான்செஸ்டர் நகரில் அரங்கேற்றியவர் ஜான் பார்பிரோலி; அவருக்கே அது அர்ப்பணிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே அவரும் போல்ட்டும் தனித்தனியே அதைப் பதிவு செய்தனர்.

ஒன்பதாவது 1958 ஏப்ரல் 2 அன்று மால்கம் ஸார்ஜெண்ட் தலைமையில் அரங்கேறியது. ஸாக்ஸபோன் மூன்றும், பித்தளைக் குழலான ஃப்ளூகல்ஹார்ன் ஒன்றும் அதில் சேர்ந்திருந்தன. அதனைப் பதிவு செய்ய அமெரிக்காவின் எவரெஸ்ட் நிறுவனம் ஆகஸ்ட் 26-ஆம் நாளைக் குறித்தது. இசைஞர் வருவதாக இருந்தது. அன்று விடியும் முன்னரே, தம் 85-ஆம் வயதில், அவர் காலமானார். பதிவு நிறுத்தப்படவில்லை. சில மணி நேரத்திற்குமுன் அவர் மறைந்த செய்தியைப் போல்ட் தம் குரலில் சொல்லிப் பதித்தார். அந்தச் சிற்றுரைக்குப் பின் இசை தொடங்குகிறது.

போல்ட் பிற்காலத்தில் ஒன்பது ஸிம்பனிகளையும், மேம்பட்ட ஒலிநுட்பத்தில், மீண்டும் பதிவு செய்தார், 1983-இல் மறைந்தார். அதன்பின் எத்தனையோ நடத்துநர்கள் இவற்றைப் பதித்துள்ளனர். ஒலியின் தெளிவில் பழைய தட்டுகள் அவற்றுக்கு ஈடாகா. ஆனால் 1953-இன் ஆறாவதில் கேட்கும் நன்றியுரையும், 1958-இன் ஒன்பதாவதன் முன்னே ஒலிக்கும் இரங்கலுரையும் ஸ்வர ஏட்டில் இல்லாதவை. ஏடு இசையைக் காத்தது. தட்டு அதை முதலில் வாசித்தவர்களின் நாளையும் சேர்த்துக் காத்தது.

வாய்ப்புக் கிட்டும் நேயர்கள் இவ்விரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்க்க வேண்டுகிறோம். முதலாவதில் இசைஞர் அதே கூடத்தில் இருக்கிறார்; இரண்டாவதில் இல்லை. வாசிப்பவர் பெரும்பாலும் அதே குழுவினர். நடத்துபவர் அதே மனிதர். எஞ்சியதை நம் செவியே உணர்ந்துகொள்ளும்.