பேசாலைக்கு வந்த கொண்டக்டர்

மன்னார்த் தீவின் பேசாலை ஒருமுறை நெடுந்தீவாக நடித்திருக்கிறது. செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நாவல் 1978இல் படமாக வந்தபோது, நெடுந்தீவில் நடக்கிற கதையைப் பேசாலைக் கடற்கரையில் எடுத்தார்கள். இயக்கம் பிறேம்நாத் மொறாயஸ். 'சுராங்கனி' பாடின ஏ.ஈ. மனோகரன் நடித்த படம் எண்டால் பலருக்கும் பிடிபடும். அதே படத்தில் நடித்த கே.எஸ். பாலச்சந்திரனை எங்கட வயதுக்காரருக்கு அவ்வளவாகத் தெரியாது. அம்மா, அப்பாவிடம் கேட்டுப் பாருங்கோ. "ஆர், அண்ணை றைற் பாலச்சந்திரனோ?" எண்டு சிரிப்பினம்.

1944இல் கரவெட்டியில் பிறந்தவர். அவரை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது வானொலிதான். ஆனால் பேர் வாங்கிக் கொடுத்தது 'அண்ணை றைற்' என்ற தனிநடிப்பு. யாழ்ப்பாணத்து பஸ் ஒன்று, அதில் ஒரு கொண்டக்டர், நெரிபடுகிற சனம், அவ்வளவுதான். மேடையில் நிற்பதோ ஒரே ஆள். பயணிகள் பேசுவது எங்களுக்குக் கேட்காது. கொண்டக்டரின் பதிலை வைத்து, அவை என்ன கேட்டிருப்பினம் எண்டு நாங்களே ஊகிக்கிறம். பஸ்ஸை நிரப்புகிற வேலையில் பாதி எங்கட தலையில்!

அந்த நாளில் ஈழத்துப் படங்கள் பல தமிழ்நாட்டுப் படங்களின் தமிழைத்தான் பேசின. ஊர்ப்பேச்சு வந்தால் சிரிக்க வைக்கத்தான். வானொலியில் தொடங்கிப் படமான 'கோமாளிகள்' (1976) மரிக்கார், அப்புக்குட்டி, உபாலி எண்டு ஆளுக்கொரு பேச்சுவழக்கை வைத்தே பகிடி பண்ணியது. நல்ல பகிடிதான், மறுக்கேல்லை. பாலச்சந்திரனில் நான் காண்பது வேறு. சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' வானொலித் தொடரிலும் அவர் நடித்தார். அங்கே சனத்தை அழ வைத்ததும் இதே யாழ்ப்பாணத் தமிழ்தான். அப்போ சிரிப்பு பேச்சுவழக்கில் இல்லை. அந்தக் கொண்டக்டர் என்ற மனிசனில் இருக்கிறது.

1983 ஜூலையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது. படச்சுருள்கள் பல அந்த மாதம் அழிந்தன. கசற் மட்டும் பெட்டிக்குள் உடுப்போடு உடுப்பாகக் கடல் தாண்டியது. அவரும் பிறகு கனடா போனார். மேடை, தொலைக்காட்சி எண்டு அங்கேயும் சிரிக்க வைத்தார். லெனின் எம். சிவத்தின் '1999' படத்தில் நடித்தார். 2014இல் ரொறன்ரோவில் காலமானார்.

'அண்ணை றைற்'றை இண்டைக்கும் இணையத்தில் கேட்கலாம். பேசாலைப் படப்பிடிப்பைப் புதினம் பார்க்கப் போன பெடியளுக்கு இப்ப அறுபது வயதாவது இருக்கும். அங்க சொந்தக்காரர் உள்ள ஆக்கள் ஒருக்கால் போய்க் கேளுங்கோ. கேட்டதை எழுதி எங்களுக்கும் அனுப்புங்கோ.