சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் அமுர் மட்டி

1986 அக்டோபரில், கலிபோர்னியாவின் சுசூன் விரிகுடாவில் மாதிரிகள் சேகரித்த கல்லூரி உயிரியல் மாணவர்களுக்கு மூன்று சிறு மட்டிகள் கிடைத்தன. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் வடபகுதியான இந்தக் கழிமுகத்தில் அதற்கு முன் அவ்வினம் பதிவானதில்லை. அது சீனா, கொரியா, ஜப்பான் கரைகளுக்குரிய பொட்டமோகார்புலா அமுரென்சிஸ் என்று பின்னர் அடையாளம் காணப்பட்டது. கப்பல்கள் சமநிலைக்காகத் தொட்டிகளில் நிரப்பி வரும் நீரில் இதன் இளம் உயிரிகள் வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து.

இதை இனங்காண்பது கடினமன்று. வலது ஓடு இடது ஓட்டைவிடப் பெரியது. மூடும்போது அதன் விளிம்பு இடது ஓட்டின் மேல் கவிந்து நிற்கும். வளர்ந்த மட்டி சுமார் 2.5 செ.மீ. நீளமே இருக்கும். குழப்பம் தருவது பெயர்தான். அதே கழிமுகத்தின் நன்னீர்ப் பகுதியில் முன்பே குடியேறியிருந்த கார்பிகுலா புளூமினியாவும் 'ஆசிய மட்டி' என்றே அழைக்கப்படுகிறது. அதன் இரு ஓடுகளும் சம அளவுடையவை. மேற்பரப்பில் வரிவரியான மேடுகள் தெளிவாகத் தெரியும்.

காலமும் அமுர் மட்டிக்குச் சாதகமாக அமைந்தது. 1986 பிப்ரவரிப் பெருவெள்ளம் உவர்ப்பைக் குறைத்து, சேற்றில் வாழ்ந்த பழைய உயிரினங்களைப் பெரிதும் அழித்திருந்தது. அடுத்து வறட்சி தொடங்கி உவர்ப்பு ஏறியபோது, வழக்கமாகத் திரும்பிவரும் இனங்களுக்கு இடமில்லை. ஏறக்குறைய நன்னீரிலும் முழுக் கடல்நீரிலும் வாழவல்ல இம்மட்டி, ஓராண்டுக்குள் சதுர மீட்டருக்குப் பத்தாயிரத்துக்கும் மேல் பெருகிவிட்டது.

கேடு உணவுச் சங்கிலியின் அடியிலேயே தொடங்கியது. மட்டி நீரை வடிகட்டி மிதவைத் தாவரங்களை உண்ணும். கோடைதோறும் சுசூன் விரிகுடாவில் அவை பெருகுவது வழக்கம். 1987 முதல் அப்பெருக்கம் நின்றுபோனது. நுண்ணிய துடுப்புக்காலிகளின் குஞ்சுகளையும் மட்டி விட்டுவைக்கவில்லை. இவற்றை நம்பிய சிறு இறால் வகைகளும் மீன்களும் இரையிழந்தன. அழிவின் விளிம்பிலுள்ள டெல்டா ஸ்மெல்ட் மீனின் வீழ்ச்சிக்கு ஆற்று நீர் திருப்பிவிடப்படுவதுடன் இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

மட்டியைத் தின்னும் உயிர்களுக்கும் நன்மையில்லை. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக் கழிவிலும் பாசன வடிநீரிலும் வரும் செலினியம் மட்டியின் உடலில் மிகுதியாகச் சேர்கிறது. அதை விரும்பி உண்ணும் ஸ்டர்ஜன் மீன்களிலும் முக்குளிக்கும் வாத்துகளிலும் அந்நஞ்சு ஏறி, இனப்பெருக்கத்தைப் பாதிக்கும் ஆபத்து உள்ளது. சேற்றுத்தரை முழுதும் பரவிவிட்ட மட்டியை அகற்ற இதுவரை வழி கிடைக்கவில்லை. கப்பல்களின் சமநிலை நீரைச் சுத்திகரிக்கக் கோரும் பன்னாட்டு உடன்படிக்கை 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது.