புரதம் தராத பரம்பரையலகு

பரம்பரையலகு என்பது புரதத்துக்கான கட்டளை என்பதே இருபதாம் நூற்றாண்டு உயிரியலின் பெரும்பகுதியில் எழுதப்படாத விதியாக இருந்தது. இடமாற்றும் ஆர்.என்.ஏ. போன்ற விதிவிலக்குகள் அறியப்பட்டவையே. எனினும் அவை புரத ஆக்கத்தின் ஏவலாட்களாகவே கருதப்பட்டன. எஞ்சிய டி.என்.ஏ.யின் பெரும்பகுதிக்குச் சுசுமு ஓனோ 1972 இல் 'குப்பை' என்ற சொல்லையே ஆண்டார். இவ்விதி தளர்ந்தவாற்றை அறிய விழைவோர் கோழிகளிலிருந்து தொடங்குதல் நன்று.

பறவை லியூக்கோசிசு வைரசு கோழியின் பி நிணநீர்க்குழியங்களிற் புற்றுநோயை உண்டாக்குவது. (பி என்னும் எழுத்தே பறவைகளின் பப்பிரீசியசுப் பையின் இலத்தீன் பெயரிலிருந்து வந்தது, நிர்ப்பீடனவியல் கோழிக்குப் பட்ட கடன் பழையது.) இவ்வைரசு தன் பிரதியைக் கோழியின் டி.என்.ஏ.யினுட் செருகி, அயலிலுள்ள பரம்பரையலகுகளைத் தூண்டுகிறது. 1989 இல் கிளர்மனும் ஹேவேட்டும் பல கட்டிகளில் வைரசு ஒரே இடத்திற் செருகியிருக்கக் கண்டனர். 'பிக்' எனப் பெயர்பெற்ற அவ்விடத்தை ஹேவேட் குழுவினர் 1997 இல் ஆராய்ந்தபோது, புரதத்துக்குரிய நீண்ட கட்டளை எதுவும் அதிற் காணப்படவில்லை. அது தன் ஆர்.என்.ஏ. வாயிலாகவே தொழிற்படலாம் என்று அவர்கள் எழுதினர். துணிவான கூற்று, ஆயின் எவ்வாறு தொழிற்படுகிறது என்பது புதிராகவே நின்றது.

அப்புதிருக்கான திறவுகோல் ஏற்கெனவே ஒரு சிறு புழுவிற் கிடைத்திருந்தது. ஏறத்தாழ 22 நியூக்கிளியோதைட்டுகளே கொண்ட ஆர்.என்.ஏ.த் துண்டொன்று, மற்றொரு பரம்பரையலகின் தூது ஆர்.என்.ஏ.யோடு இணைந்து புரத ஆக்கத்தைத் தடுப்பதை 1993 இல் அம்புரோசு, ருவ்குன் ஆகியோரின் ஆய்வுகூடங்கள் காட்டின. அது புழுவுக்கு மட்டுமே உரிய விநோதமெனப் பலர் எண்ணினர். இருவருக்கும் நோபெற் பரிசு கிடைத்தது 2024 இலேயே. பிக் ஆர்.என்.ஏ.யின் மடிந்த பகுதியிலிருந்து வெட்டப்படும் அத்தகைய துண்டு 2002 இல் இனங்காணப்பட்டு, மிர்-155 என எண்ணிடப்பட்டது.

அதன் பணியை 2007 இல் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இரு குழுவினர் தெளிவுபடுத்தினர். பிக் நீக்கப்பட்ட சுண்டெலிகள் பிறந்தன, வளர்ந்தன. ஆனால் வலுக்குறைத்த சல்மொனெல்லாவைத் தடுப்பூசியாக ஏற்றிய பின்னரும், வீரியமுள்ள அதே பற்றீரியாவிடமிருந்து அவை காக்கப்படவில்லை. பி கலம், ரி கலம் இரண்டின் தொழிலும் குன்றியிருந்தது.

இதற்கு மறுபுறம் மிர்-146. பற்றீரியாவின் உறைப்பொருள் பட்டதும் வெண்குழியங்களில் இத்துண்டு பெருகி, தன்னைப் பெருகச்செய்த சமிக்ஞைப் பாதையின் இரு புரதங்களையே குறைப்பதைப் போல்ற்றிமோரின் ஆய்வுகூடம் 2006 இற் காட்டியது. 2011 இல் இத்துண்டின் ஒரு வகையை இழந்த சுண்டெலிகளில் அழற்சி மிகுந்தது. நிர்ப்பீடனம் உடலையே தாக்கலாயிற்று.

மிர்-155 குறைந்தால் தடுப்பூசி பயனற்றுப்போகிறது. மிகுந்தால் நேர்வதைக் கோழிக் கட்டிகள் முன்னரே காட்டியிருந்தன. மனிதரின் சில பி கலப் புற்றுநோய்களிலும் அது மிகுந்திருப்பது 2005 இல் அறியப்பட்டது. அங்கே அதனை மிகுவிக்க எந்தக் கோழி வைரசும் தேவைப்படவில்லை.