தாண்டும் உயரமும் விழும் தரையும்: ஜவ்வாது மலையை முன்னிட்டு ஓர் ஆய்வு

மனிதன் எவ்வளவு உயரம் எழும்பக்கூடும் என்னும் வினாவுக்கு விளையாட்டுத் துறைகள் யாவும் ஒரே குரலில் விடை கூறுவதில்லை. கைப்பந்து ஆடுவோர் வலைக்கு மேல் விரல்நுனி சென்றெட்டும் உயரத்தைக் கணக்கிடுகின்றனர். உயரம் தாண்டுவோரோ சரீரம் முழுவதும் தட்டாமல் கடந்து சென்ற குறுக்குக் கம்பின் உயரத்தைக் கணக்கிடுகின்றனர். கோலூன்றித் தாண்டுவோர் தம் கால்வலிமையோடு ஓட்டத்தின் வேகத்தையும் கோலின் மீள்விசையையும் சேர்த்தே மேலேறுகின்றனர். இம்மூன்று எண்களையும் ஒரே வரிசையில் நிறுத்தி, இவன் பெரியவன், அவன் சிறியவன் என்று தீர்ப்புக் கூறுவது சாஸ்திர முறைக்கு ஒவ்வாது. எனினும் இவற்றுள் உயரம் தாண்டுதலின் சரித்திரம் மட்டும் தனியே ஆராயத்தக்கது. ஏனெனில் அதன் அபிவிருத்தியைத் தீர்மானித்தது, பலரும் எண்ணுவதுபோல் கால்களின் பலம் மட்டுமன்று. தாண்டியவன் வந்து விழும் தரையே அதில் பெரும்பங்கு வகித்தது என்பது என் துணிபு. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களைத் தழுவி நிற்கும் ஜவ்வாது மலையின் பள்ளிப்பிள்ளைகளை மனத்திற்கொண்டு இந்த ஆராய்ச்சியை மேற்கொள்வதற்கும் அதுவே காரணம்.

முதலில் கால்களின் கணக்கை முடித்துக்கொள்வோம். நல்ல பயிற்சியுடைய ஆடவர் ஒருவர் நின்ற இடத்திலிருந்து எழும்பினால் அவர் சரீரத்தின் எடைமையம் பெரும்பாலும் 60 முதல் 90 சென்டிமீட்டர் வரையே உயர்கிறது; ஓடிவந்து ஒற்றைக் காலால் உந்தி எழும் தலைசிறந்த வீரருக்குங்கூட அந்த ஏற்றம் ஒரு மீட்டரைச் சிறிதளவே மிஞ்சுகிறது. 1900-ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒலிம்பிக்கில் ரே யூரி என்னும் அமெரிக்கர் ஓடாமல் நின்றபடியே 1.65 மீட்டர் தாண்டினார் என்பதை நோக்க, தசைகளின் ஆற்றல் இந்த நூற்றிருபத்தைந்து ஆண்டுகளில் புரட்சிகரமாக மாறிவிட்டதென்று கூற இயலாது. பூமத்திய ரேகைக்கு அணித்தான நம் நாட்டில் புவியீர்ப்பு சற்றுக் குறைவு என்பதும், மலைமேல் அது இன்னும் குறையும் என்பதும் மெய்யே; ஆயினும் ஹெல்சிங்கியில் தாண்டும் ஒருவர் அதே விசையுடன் ஜவ்வாது மலையில் தாண்டினால் அவருக்குக் கிடைக்கும் ஆதாயம் அரைச் சென்டிமீட்டரைக்கூட எட்டாது.

ஆகவே உயர்ந்தது எது? எடைமையத்துக்கும் கம்புக்கும் இடையே வீணாகிக்கொண்டிருந்த இடைவெளி குறைந்ததே உண்மையான வளர்ச்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வழங்கிய கத்தரிக்கோல் முறையில், நிமிர்ந்த உடலோடு ஒரு காலைத் தூக்கி மறுகாலை அதன்பின் இழுத்துக் கம்பைக் கடப்பர். அப்போது எடைமையம் கம்புக்கு ஒரு சாண் உயரத்துக்கு மேல் செல்லவேண்டியிருந்தது. 1895-இல் மைக்கேல் ஸ்வீனி கத்தரி வீச்சின் நடுவே உடலைச் சாய்த்து 1.97 மீட்டரைக் கடந்தார். 1912-இல் ஜார்ஜ் ஹோரைன் பக்கவாட்டில் உருண்டு 2 மீட்டரை எட்டினார். பின்னர் வயிறு கீழ்நோக்க, கம்பைத் தழுவினாற்போல் கவிழ்ந்து கடக்கும் முறை தோன்றி, 1941-இல் லெஸ் ஸ்டியர்ஸ் வாயிலாக 2.11 மீட்டரையும், 1963-இல் வலேரி புருமெல் வாயிலாக 2.28 மீட்டரையும் அளித்தது. இடையே தலை முந்திச் செல்வது விதிக்குப் புறம்பென்று கருதப்பட்ட காலமும் உண்டு. 1932-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸில் பேப் டிட்ரிக்ஸன் என்னும் வீராங்கனை, தலை முந்தப் பாய்ந்தார் என்ற காரணத்தால் முதலிடத்தை இழந்தார்.

இம்முறைகள் யாவற்றிலும் பொதுவாயமைந்த ஓர் அம்சத்தை நாம் ஊன்றி நோக்கவேண்டும்: தாண்டியவர் கால்களாலோ கைகளாலோ தரையைத் தொட்டுத் தம்மைக் காத்துக்கொண்டார். மணலும் மரத்தூளும் நிரப்பிய குழிகளே எங்கும் வழங்கிய அக்காலத்தில் வேறு விதமாக விழுவது கழுத்தை முறித்துக்கொள்வதாகும். அத்தகைய காலத்திலேதான் தமிழர்களுள் முதல் பெரும் உயரம் தாண்டுவீரர் தோன்றினார். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் பயின்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், பதின்பருவம் கடவாத நிலையிலேயே 1952-ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலும், அதன்பின் 1956-ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கிலும் இலங்கையின் சார்பில் பங்குகொண்டு, 1958-இல் டோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீட்டர் தாண்டி, அத்தீவுக்கு ஆசியப் போட்டிகளின் முதற் பொற்பதக்கத்தை ஈட்டித் தந்தார். அன்றைய உலகச் சாதனை ஸ்டெபனோவ் என்னும் வீரர் தாண்டிய 2.16 மீட்டர்; இடைவெளி 13 சென்டிமீட்டர் மாத்திரமே. தில்லியில் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்த தேஜஸ்வின் சங்கர் 2018-இல் 2.29 மீட்டர் தாண்டி இந்தியச் சாதனை படைத்தபோது, கியூபா நாட்டு ஸோட்டோமேயர் 1993-இல் நிறுவிய 2.45 மீட்டருக்கும் அதற்கும் இடைவெளி 16 சென்டிமீட்டர். அறுபது ஆண்டுகளில் நம்மவர் கால் மீட்டருக்கு மேல் உயர்ந்தும், உலகின் முன்னணியை ஓரங்குலமேனும் நெருங்கவில்லை. மாறாக, ஓரங்குலத்துக்கு மேல் விலகியிருக்கிறோம். மணற்குழி எல்லோருக்கும் பொதுவாயிருந்த காலத்தில் யாழ்ப்பாணத்து மாணவர் உலகத்தோடு போட்டியிட முடிந்தது என்பதை நான் தற்செயலாகக் கருதவில்லை.

ஏனெனில் அறுபதுகளில் அமெரிக்கப் பள்ளிகள் சிலவற்றில் மணலுக்குப் பதிலாக நுரைமெத்தைகள் இடம்பெறத் தொடங்கின. ஆரெகன் மாநிலத்து மெட்ஃபோர்டு நகரில் பயின்ற டிக் ஃபாஸ்பரி, கத்தரிக்கோல் முறையிலே பழகிய தம் உடலைப் படிப்படியாகப் பின்னோக்கிச் சாய்த்து, வளைந்து ஓடிவந்து, முதுகு கம்பின்மேல் வில்லென வளைய, தோளும் முதுகும் முதலில் விழும் முறையைக் கண்டடைந்தார். 1968-இல் மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் 2.24 மீட்டர் தாண்டி வெற்றியும் கொண்டார். இம்முறையில் உடல் கம்பைச் சுற்றி வளைவதால், எடைமையம் கம்பின் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழோ கடந்து செல்லவும் கூடும். கனடாவில் டெபி பிரில் என்னும் இளம்பெண்ணும் தனித்தே இதுபோன்ற முறையொன்றைக் கண்டார் என்பது, கருவி வந்தபின் உபாயம் தானே பிறக்கும் என்னும் கருத்துக்கு வலுவூட்டுகிறது.

எனினும் பழைய முறை உடனே அழிந்துவிடவில்லை. 1977-இல் ரோஸ்மேரி ஆக்கர்மன் கவிழ்முறையிலேயே பெண்டிருள் முதன்முதலாக 2 மீட்டரைக் கடந்தார். 1978-இல் யாஷ்செங்கோ என்னும் வீரர் அதே முறையில் 2.34 மீட்டர் தாண்டி உலகச் சாதனை படைத்தார். இந்த 2.34 மீட்டர் எத்தகைய உயரம் என்பதை அறிய ஜவ்வாது மலைவாசிகள் வேறெங்கும் செல்லவேண்டியதில்லை: காவலூரில் 1986-இல் நிறுவப்பெற்ற வைணு பாப்பு தொலைநோக்கியின் பிரதான ஆடியின் விட்டம் சரியாக அவ்வளவே. அவ்வாடியைச் செங்குத்தாக நிறுத்தினால் இந்தியச் சாதனை அதன் மேல்விளிம்புக்கு 5 சென்டிமீட்டர் கீழே நின்றுவிடும். ஸோட்டோமேயரின் தாண்டல் 11 சென்டிமீட்டர் மேலே செல்லும். கவிழ்முறை இவ்வளவு உயரம் அளித்தும் வழக்கொழிந்தமைக்குக் காரணம், அது கற்பதற்கு அரியது என்பதே. மெத்தை இருக்குமிடத்தில் முதுகுமுறையைச் சிறுவர் விரைவில் பற்றிக்கொள்கின்றனர்.

மெத்தையின் பயனுக்கு மற்றொரு சான்றும் உண்டு. சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலு, ஐந்து வயதில் பேருந்தொன்று காலின்மீது ஏறியதால் வலக்காலின் முழங்காலுக்குக் கீழே ஊனமுற்றவர். 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டிப் பொற்பதக்கமும், டோக்கியோவில் வெள்ளியும், 2024-இல் பாரிஸில் வெண்கலமும் பெற்றார். உயரம் தாண்டுவதில் ஒற்றைக் காலாலேயே உந்தவேண்டும் என்பது விதி; மறுகாலின் வீச்சும் உயரத்துக்கு உதவுவதால் அவருக்கு நேர்ந்த இழப்பு சிறிதன்று. ஆயினும் எஞ்சிய ஒரு காலும், தக்க பயிற்சியும், நம்பி விழத்தக்க மெத்தையும் ஒருங்கே வாய்த்தபோது, முழு உடல் பெற்ற பெரும்பாலோர் எண்ணிப்பார்க்கவும் இயலாத உயரத்தை ஒருவர் மும்முறை உலகின் முன் நிலைநாட்டக்கூடும் என்பதற்கு அவர் வாழும் பிரமாணம்.

இனி ஜவ்வாது மலைக்குத் திரும்புவோம். மலைவாழ் மக்களுக்குப் பிறவியிலேயே கால்வலிமை மிகுதி என்று கூறிப் புகழ்வோர் பலர். அது ஆய்வுக்கு நிற்கும் கூற்றன்று. நெடுந்தூரம் நடப்பதால் வளர்வது பொறுமையும் மூச்சுமே, வெடித்தெழும் விசை அன்று. அவ்விசையைப் பயிற்சியே தரவேண்டும். ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களின் மலையாளிப் பழங்குடிச் சிறுமி ஒருத்தி, உண்டு உறைவிடப் பள்ளியின் மைதானத்தில் ஓடிவந்து கம்பைத் தாண்டும்போது, எதிரே மணற்குழி மட்டும் இருக்குமாயின், அவள் கத்தரிக்கோல் முறையைக் கைவிடலாகாது. கைவிடுமாறு எந்த உடற்கல்வி ஆசிரியரும் கூறவும் கூடாது. அதன் விளைவாக, மெத்தையில் பயின்ற நகரத்துப் பெண்ணோடு மாவட்டப் போட்டியில் எதிர்ப்படும்போது, கால்விசை சமமாயினும் ஒரு சாண் உயரத்தை இவள் மைதானத்தில் இறங்குமுன்னரே இழந்துவிடுகிறாள். இதை அவளது திறமைக்குறைவென்று பதிவு செய்வது பெரும் அநீதி.

இதற்கு மாற்று நம் நாட்டிலேயே காணக்கிடைக்கிறது. மகாராஷ்டிரத்து நாசிக் பகுதியின் வேளாண் கிராமமொன்றில் வளர்ந்த சர்வேஷ் குஷாரே, மக்காச்சோளத் தோகையும் பஞ்சும் திணித்துச் சமைத்த படுக்கையில் விழுந்து விழுந்தே முதுகுமுறையைக் கற்றார். 2025-இல் டோக்கியோவில் நடந்த உலகத் தடகளப் போட்டியின் இறுதிச் சுற்றில் 2.28 மீட்டர் தாண்டினார். ஜவ்வாது மலையில் சாமை விளைகிறது. அறுவடைக்குப்பின் அதன் தாளும் மிஞ்சுகிறது. சாக்குகளில் இறுகத் திணித்து, கயிற்றால் பிணைத்து, மேலே பழைய பஞ்சுமெத்தைகளை விரித்தால் தொடக்கநிலைப் பயிற்சிக்கு அது உதவக்கூடும். ஆனால் மழையில் நனைந்து அமுங்கிய தாள் கல்லுக்குச் சமம் என்பதை மறத்தலாகாது. பெரும்போட்டிகளுக்கான விதிப்படி படுக்கை குறைந்தது 6 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் 70 சென்டிமீட்டர் உயரமும் உடையதாயிருத்தல் வேண்டும். போளூரிலிருந்தும் ஆலங்காயத்திலிருந்தும் வரும் சாலைகள் சேரும் ஜமுனாமரத்தூரில் அத்தகைய படுக்கை ஒன்றேனும் கூரையின்கீழ் அமைந்து, மலையிலுள்ள பள்ளிகள் முறைவைத்துப் பயன்படுத்துமாயின், மலைப்பிள்ளைகள் எவ்வளவு உயரம் தாண்டுவர் என்பதை முதன்முறையாக நேர்மையுடன் அளக்கலாம்.