கத்தினவன் சீட் நம்பர் என்ன?

கால்பந்து மேட்சுக்குப் போனவன் கோல் பற்றி எழுதாமல் கழிப்பறைச் சுவரைப் பற்றி எழுதுறானேன்னு நினைக்காதீங்க. விஷயம் அங்கேதான் ஆரம்பிக்குது.

சில வருஷங்களுக்கு முன்னால் இங்கிலாந்தின் வடக்குப் பகுதியில், கீழ் டிவிஷனில் ஆடும் ஒரு டீமின் மைதானத்துக்குப் போயிருந்தேன். நண்பர் ஒருத்தரோட சீசன் டிக்கெட். அவருக்கு அன்னைக்கு வேலை இருந்தது, எனக்கு இல்லை. இடைவேளையில் கழிப்பறைக்குப் போனால் சுவரில் கண் மட்டத்துக்கு ஒரு நோட்டீஸ். யாராவது இனவெறியோடு கத்துவதைக் கேட்டால் இந்த நம்பருக்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள், பிளாக், வரிசை, சீட் நம்பர் மூணையும் குறிப்பிடுங்கள். நம்ம ஊர் ரேஷன் கடை புகார்ப் பலகை ஞாபகம் வந்தது. சிரிச்சுக்கிட்டே வெளியே வந்தேன்.

எங்க பிளாக்கின் படிக்கட்டு அடியில் ஆரஞ்சு கோட்டு போட்ட ஸ்டீவர்ட் ஒருத்தர் நின்னுக்கிட்டிருந்தார். தெரியாதவங்களுக்கு: ஸ்டீவர்ட்னா போலீஸ் இல்லை. கூட்டத்தைப் பார்த்துக்கொள்ள கிளப் வைக்கிற ஆள். மைதான ஓரத்தில் நிற்பவர் மேட்சுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நம்மையே பார்க்கணும். கோல் விழுந்ததை நம்ம மூஞ்சியைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும். பாவப்பட்ட வேலை :-)

இவருக்கு இருபது வயசு இருக்கும். நம்ம நிறம். கார்னர் கிக் சமயத்தில் யாருக்கோ வழிவிட ஒரு படி மேலே ஏறினார். பின்னாலிருந்து ஒரு குரல்: "ஏய் பாக்கி, மறைக்காதே, தள்ளு!"

அந்த ஊரில் இந்தச் சொல்லுக்குப் பாகிஸ்தானியர்னு அர்த்தம் இல்லை. தெற்காசிய முகம் எதுவா இருந்தாலும் அதன்மேல் எறியற வசவு. கும்பகோணமா யாழ்ப்பாணமா என்றெல்லாம் விசாரிச்சுட்டு எறிய மாட்டாங்க.

செல்போனை எடுத்தேன். பிளாக் தெரியும், அடிச்சாச்சு. வரிசை? சீட் நம்பர்? அதுக்குத் திரும்பிப் பார்த்து எண்ணணும். திரும்பினால் அவன் என்னைப் பார்ப்பான். எண்ணுகிறேன்னு தெரிஞ்சுடும். அரைகுறையா அடிச்சதை அழிச்சுட்டு, ரொம்ப ஆர்வமா மேட்ச் பார்க்கிற மாதிரி உட்கார்ந்துட்டேன். ஸ்டீவர்ட் பையனும் கேட்காத மாதிரி நின்னார். புகார் சொல்ல வேண்டிய ஆளே அவர்தான். அவரையே திட்டினால் யாரிடம் போய்ச் சொல்றது?

வீட்டுக்கு வந்தபிறகு இந்த வரிசை-நம்பர் சமாச்சாரம் எப்போ, எப்படி வந்ததுன்னு தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். அந்த நம்பரே இல்லாத காலத்தில் இருந்து பார்த்தால்தான் அதோட அருமை புரியும்.

1980-கள் வரைக்கும் இங்கிலாந்து மைதானங்களில் பெரும்பகுதி டெரஸ்தான். சிமென்ட் படிகள், நின்னுக்கிட்டே பார்க்கணும், ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே கூண்டுக்குள். இருக்கை கிடையாது, எண் கிடையாது. கூட்டத்தை அடக்குறது போலீஸ் வேலைன்னு பொதுவா விட்டிருந்தாங்க. ஸ்டீவர்ட் என்பவர் பல இடங்களில் கையில் பட்டை கட்டிய, ரிடையர் ஆகப்போகிற வயசுக்காரர்.

1982 ஏப்ரலில் பால் கனோவில் செல்சிக்காக முதல் முறை களமிறங்கினார். அந்த கிளப்பின் முதல் கறுப்பின வீரர். செல்ஹர்ஸ்ட் பார்க் மைதானத்தில், மாற்று ஆட்டக்காரராக, கோட்டுக்கு வெளியே உடம்பைச் சூடுபண்ணிக்கிட்டிருந்தப்போ வசவு மழை. வந்தது எதிரணிப் பக்கத்தில் இருந்து இல்லை, சொந்த செல்சி ரசிகர்களிடம் இருந்து. யார் கத்தினது? "அந்தப் பக்கம்" என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. 1988 பிப்ரவரியில் லிவர்பூலின் ஜான் பார்ன்ஸ், எவர்ட்டனுக்கு எதிரான கோப்பை ஆட்டத்தில், தன்மேல் எறிஞ்ச வாழைப்பழத்தைக் குதிகாலால் தட்டிவிட்ட போட்டோ உலகப் புகழ் பெற்றது. பழம் தெரியுது, கால் தெரியுது. எறிஞ்ச கை எங்கே?

சட்டம் வர்றதுக்கு முன்னாடியே சில ரசிகர்கள் முழிச்சுக்கிட்டதையும் சொல்லணும். லீட்ஸ் அணியின் எல்லண்ட் ரோடு மைதான வாசலில் வலதுசாரி தேசிய முன்னணி ஆட்கள் பத்திரிகை விற்றுக்கொண்டிருந்த காலம் அது. 1987-ல் லீட்ஸ் ரசிகர்கள் சிலர் எதிர்ப்பு அமைப்பு ஒண்ணு ஆரம்பிச்சு, சொந்தமா ஒரு சிறு பத்திரிகை அடிச்சு, அதே வாசலில் நின்னு கொடுத்தாங்க. கூட்டத்துக்குள்ளே ஒருத்தனைச் சுட்டிக்காட்ட வழி இல்லாதப்போ, கூட்டம் முழுசுகிட்டயும் பேசிப் பார்ப்பது ஒண்ணுதான் மிச்சம்.

இதுக்கு நடுவில் வந்தது 1985-ம் வருஷம். மே 11-ல் பிராட்ஃபோர்டில் மர ஸ்டாண்டு தீப்பிடிச்சு 56 பேர் போனாங்க. மே 29-ல் பிரஸ்ஸல்ஸ் ஹெய்சல் மைதானத்தில், லிவர்பூல் ரசிகர்கள் பாய்ந்ததில் சுவர் சரிந்து 39 பேர், பெரும்பாலும் இத்தாலியர்கள். ஹெய்சலுக்கு அப்புறம் இங்கிலாந்து ரசிகன் என்றாலே ரவுடி என்கிற முத்திரை ஆழமா விழுந்துடுச்சு. டெரஸ்களுக்கு முன்னால் ஏற்கெனவே இருந்த கம்பி வேலிகளைப் பற்றி யாரும் பெரிசா கவலைப்படலை.

அந்த முத்திரை என்ன செய்தது என்பது 1989 ஏப்ரல் 15-ல் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் தெரிஞ்சது. லிவர்பூலுக்கும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கும் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. வெளியே நெரிசல் அதிகமானதும் போலீஸ் ஒரு பெரிய கேட்டைத் திறக்கச் சொன்னது. உள்ளே வந்தவர்களை ஏற்கெனவே நிரம்பியிருந்த நடுக் கூண்டுகளில் இருந்து திருப்பிவிட ஆள் இல்லை. வேலியில் நசுங்கி இறந்தவர்கள் 97 பேர் (கடைசி நபர் அந்தக் காயங்களால் 2021-ல் இறந்தார்). ஆனால் அன்னைக்கே மேலதிகாரி ஒருவர், ரசிகர்கள் கேட்டை உடைச்சு உள்ளே வந்தாங்கன்னு பொய் சொன்னார். நாலு நாள் கழிச்சு 'தி சன்' பத்திரிகை, ரசிகர்கள் பிணங்களிடம் திருடினாங்கன்னு முதல் பக்கத்தில் போட்டது. விசாரிச்ச நீதிபதி டெய்லர் அதே ஆகஸ்டில் தன் இடைக்கால அறிக்கையில், பிரதான காரணம் போலீஸ் கட்டுப்பாடு தவறியதுதான்னு தெளிவா எழுதிட்டார். ஆனாலும் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்ற தீர்ப்பு வர 2016 ஆச்சு. 27 வருஷம்!

ரசிகர் ஒழுங்கீனம்னு எழுத வந்துட்டு ஹில்ஸ்பரோவை ஏன் இழுக்கிறேன்? அங்கே நடந்தது ஒழுங்கீனம் இல்லை என்பதால்தான். கனோவிலைத் திட்டினவன் மேல் புகார் போடவே முடியலை, ஏன்னா அவனுக்கு முகவரி இல்லை. ஹில்ஸ்பரோவில் முகவரி இல்லாத புகார் ஒண்ணு கிளம்பி, செத்தவங்க உட்பட அத்தனை பேர் தலையிலும் விழுந்தது. ரெண்டும் ஒரே வியாதின்னு எனக்குத் தோணுது. கூட்டத்தின் மேல் சொல்லும் குற்றம் ஒண்ணு யார் மேலயும் விழாது, இல்லைன்னா எல்லார் மேலயும் விழும்.

டெய்லரின் முழு அறிக்கை 1990 ஜனவரியில் வந்தது. பெரிய பரிந்துரை, மைதானம் முழுக்க இருக்கை. மேல் ரெண்டு டிவிஷன்களுக்கு 1994 ஆகஸ்ட் கெடு. ஸ்டீவர்டுகள் திடகாத்திரமா இருக்கணும், முடிஞ்சவரை 18-லிருந்து 55 வயசுக்குள் இருக்கணும்னும் எழுதினார். இருக்கை கேட்டது நெரிசலைத் தடுக்க, உயிர் காக்க. ஆனால் இருக்கை வந்ததும் கூடவே எண் வந்துடுச்சு. கத்துகிறவனுக்கு முதல் தடவையா ஒரு முகவரி கிடைச்சது. அதுவும் சீசன் டிக்கெட்காரன்னா பேரும் விலாசமும் கிளப் ஆபீஸிலேயே இருக்கும்.

அதே அறிக்கையின்படி 1991-ல் கால்பந்துக் குற்றங்கள் சட்டம் வந்தது. பொருள் எறிவது, ஆபாசமான அல்லது இனவெறிக் கோஷம் போடுவது, காரணமில்லாமல் களத்துக்குள் இறங்குவது என மூணு குற்றம். இதில் கோஷம் என்பதற்குக் கொடுத்த விளக்கத்தைப் படிச்சப்போ நிஜமாவே வாய்விட்டுச் சிரிச்சேன். குறைந்தது இன்னொருத்தரோட சேர்ந்து, திரும்பத் திரும்பச் சொன்னால்தான் கோஷமாம். அதாவது ரெண்டு பேர் சேர்ந்து கத்தினால் குற்றம். ஒருத்தன் தனியா தொண்ணூறு நிமிஷமும் கத்தினால் இந்தச் சட்டம் அவனைத் தொடாது. பொது ஒழுங்குச் சட்டத்தில் வேணும்னா பிடிக்கலாம். இருக்கை வந்து, எண் வந்து, தனி ஆளைக் காட்டலாம்னு ஆனப்போ, சட்டம் இன்னும் டெரஸையே மனசில் வெச்சு எழுதியிருக்கு! இந்த ஓட்டையை அடைக்க எட்டு வருஷம். 1999-ல்தான் "தனியாகவோ சேர்ந்தோ"ன்னு திருத்தினாங்க. திரும்பத் திரும்ப என்பது மட்டும் அப்படியே நின்னது. எனக்குப் பின்னால் கத்தினவன் ஒரே தடவை கத்தினான், கவனிச்சீங்களா?

அந்தச் சொல்லுக்கும் ஒரு வழக்கு உண்டு. போர்ட் வேல் அணியின் ரசிகர் கூட்டம் எதிரணியான ஓல்டமைப் பார்த்து, உங்க ஊர் முழுக்க பாக்கிகள்தானேன்னு பாடினாங்க. பிடிபட்ட ஒருத்தரை, இது வெறும் கிண்டல் பாட்டு என்கிற ரீதியில் கீழ்க்கோர்ட் விட்டுடுச்சு. 2003-ல் உயர் நீதிமன்றம் அதை ஏத்துக்கலை. அந்தச் சொல் இனவெறி வசவேதான்னு சொல்லிடுச்சு. இதைத் தீர்மானிக்க ஒரு நாட்டுக்கு உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. அந்தத் தெருவில் நடந்த எந்தப் பள்ளிக்கூடப் பையனைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பான்.

கிளப்புக்கு இவ்வளவு சட்டம் தேவையில்லை. டிக்கெட்டோடு வர்ற மைதான விதிகளை மீறினால் வெளியே அனுப்பலாம், சீசன் டிக்கெட்டைப் பிடுங்கலாம். அதுக்குத் தேவை தகவல். அதனால்தான் எஸ்.எம்.எஸ். நம்பர். செய்தி கண்ட்ரோல் ரூமுக்குப் போகும், கேமரா அந்த சீட்டுப் பக்கம் திரும்பும், பக்கத்தில் இருக்கிற ஸ்டீவர்டுக்கு வயர்லெஸ்ஸில் சொல்வாங்க. 1993-ல் தொடங்கிய இனவெறி எதிர்ப்பு இயக்கத்தில் இருந்து உருவான 'கிக் இட் அவுட்' அமைப்பு, 2013-ல் இதுக்கு ஒரு மொபைல் செயலியே விட்டது.

ஆனால் கேமரா பார்க்கும், கேட்காது. 2018 டிசம்பரில் செல்சி மைதானத்தில் ரஹீம் ஸ்டெர்லிங் பந்தை எடுக்கப் போனப்போ முதல் வரிசை ஆட்கள் முகம் கோணக் கத்தியது டிவியில் உலகமே பார்த்தது. கிளப் ஒருத்தருக்கு வாழ்நாள் தடையும், இன்னும் ஐந்து பேருக்குக் குறிப்பிட்ட காலத் தடையும் போட்டது. ஆதாரம் போதாதுன்னு கிரிமினல் வழக்கு மட்டும் வரலை. கேட்டவங்க வாய் திறந்தால்தான் காரியம் ஆகும். பக்கத்து சீட்டுக்காரனைப் பற்றி வாய் திறக்கிறது லேசுப்பட்ட காரியமா? அடுத்த சனிக்கிழமையும் அவன் அங்கேதான் உட்காருவான், நீங்களும் அங்கேதான். டெரஸில் பிடிக்கலைன்னா பத்தடி நகர்ந்து நின்னுக்கலாம். குற்றவாளிக்கு முகவரி கொடுத்த அதே எண், சாட்சிக்கும் முகவரி கொடுத்துடுச்சு.

2022-23 சீசனில் இருந்து மேல் ரெண்டு டிவிஷன்களில் நின்று பார்க்க மறுபடி அனுமதி வந்தாச்சு. ஆனால் ஒவ்வொருத்தர் முன்னாலும் கம்பி, பின்னால் மடங்குற இருக்கை, அதில் எண். பழைய டெரஸ் திரும்பலை.

அன்னைக்கு நடந்ததை முடிச்சுடறேன். என் பக்கத்தில் எழுபது வயசுக்கு மேல் ஒரு பாட்டி, கழுத்தில் கிளப் மஃப்ளர். நான் செல்போனை எடுத்ததையும் உள்ளே வெச்சதையும் பார்த்திருக்காங்க. அஞ்சு நிமிஷம் ஒண்ணும் சொல்லலை. அப்புறம் எழுந்து, "டீ வாங்கப் போறேன் லவ், உனக்கு வேணுமா?"ன்னு கேட்டாங்க (அந்த ஊர்ப் பக்கம் தெரியாதவனையும் 'லவ்'னுதான் கூப்பிடுவாங்க). படி வழியா மேலே போகாமல் கீழே போய், அந்தப் பையனைத் தாண்டி, மூலையில் நின்ற சூப்பர்வைசர்கிட்ட ஏதோ சொன்னாங்க. திரும்பியே பார்க்கலை, எண்ணவும் இல்லை. பத்து நிமிஷத்தில் ரெண்டு பேர் வந்து நேரா அந்த ஆளிடம் குனிஞ்சு பேசி, வெளியே கூட்டிக்கிட்டுப் போனாங்க.

டீயோடு திரும்பி வந்தவங்ககிட்ட, எப்படி சீட் நம்பர் சரியா சொன்னீங்கன்னு கேட்டேன்.

"எஃப் வரிசை, 114. அது என் வீட்டுக்காரர் சீட். அவர் போனதும் நான் தான் விட்டுக்கொடுத்தேன்."

ஸ்டீவர்ட் பையன் ஒரு தடவை எங்க பக்கம் பார்த்தார். அப்புறம் வழக்கம்போல கூட்டத்தைப் பார்க்க ஆரம்பிச்சார். டீ ஆறிப்போயிருந்தது.