அரூர், சேலம் ஜில்லா: ஓடும் பிள்ளைகளைப் படம் பிடித்த கதை

போன வாரம் அக்கா மகன் பெங்களூரிலிருந்து போன் செய்தான். "மாமா, பசங்களை எடுக்க ஒரு நல்ல டிஜிட்டல் கேமரா சொல்லுங்க. பட்டனை அமுக்கினா படம் விழணும், அவ்வளவுதான். வேற எதுவும் எனக்குத் தெரிய வேணாம்." அவனுக்கு ரெண்டு பிள்ளைகள். பெரியவனுக்கு ஆறு வயது, சின்னவளுக்கு மூன்று. ரெண்டும் ஒரு இடத்தில் நிற்காது. கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வியைப் பழைய காகிதம் புரட்டுகிறவனிடம் கேட்டால் என்ன ஆகும்? பதில் 1839-இலிருந்துதான் தொடங்கும். அவனுக்கு போனில் சுருக்கமாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதி வைக்கிறேன்.

அதற்கு முன்னால் எங்கள் வீட்டுப் படம் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். அஞ்சல் அட்டை அளவில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். பின்பக்கம் ஸ்டுடியோவின் ரப்பர் ஸ்டாம்பு பாதி அழிந்து கிடக்கிறது. பெயர் போய்விட்டது, "அரூர், சேலம் ஜில்லா" என்பது மட்டும் படிக்க முடிகிறது. சேலம் மாவட்டத்திலிருந்து தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிந்தது 1965 அக்டோபர் 2 அன்று. அப்படியானால் படம் அதற்கு முந்தையது என்று சொல்லிவிடலாமா? அவசரப்படக்கூடாது. மாவட்டம் பிரிந்த மறுநாளே யாரும் புது ஸ்டாம்பு செய்துவிட மாட்டார்கள். ஆனால் படத்தில் அரை டிராயரோடு நிற்கும் என் அப்பா 1954-இல் பிறந்தவர், பார்க்க பத்து வயது போலத் தெரிகிறார். ஆக 1964 வாக்கில் எடுத்தது என்று வைத்துக்கொண்டால் பெரிய தப்பு வராது.

நாற்காலியில் ஆயா, அதாவது அப்பாவின் அம்மா. பக்கத்தில் தாத்தா. நடுவில் ஒரு முக்காலி மேல் நிறுத்தப்பட்ட நாலு வயதுப் பெண் குழந்தை, என் சின்ன அத்தை. கால்கள் துல்லியமாக விழுந்திருக்கின்றன, வெள்ளிக் கொலுசு கூடத் தெரிகிறது. பாவாடையின் கரையும் தெளிவு. முகம் மட்டும் இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெளுத்த ஒரு கலங்கல். மற்ற மூன்று பேரும் சிலை மாதிரி நிற்க, இவள் மட்டும் தலையைத் திருப்பிவிட்டாள்.

அரூரிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தீர்த்தமலைக்கு மாசித் திருவிழாவுக்குப் போய்விட்டு, திரும்பும் வழியில் கடைவீதியில் எடுத்த படமாம் அது. படம் கைக்கு வந்தபோது, "அடுத்த மாசிக்கு இன்னொண்ணு எடுத்துக்கலாம்" என்று தாத்தா சொல்லியிருக்கிறார். அடுத்த மாசிக்கு அத்தை இல்லை. காய்ச்சல். வேறு படமும் கிடையாது. ஆயா கடைசி வரைக்கும் அந்தப் படத்தை டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். சில நாள் எடுத்துப் பார்த்து "மூஞ்சி விழலையேடா" என்பார். சில நாள் "அவ என்னிக்குடா ஒரு இடத்துல நின்னா?" என்று சிரிப்பார். அதனால் ஓடும் பிள்ளையை எந்தக் கேமரா பிடிக்கும் என்ற கேள்வி எங்கள் வீட்டில் சின்னக் கேள்வி இல்லை.

இதைப் புரிந்துகொள்ள ரெண்டு நேரங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது. இன்னொன்று, நாம் பட்டனை அமுக்கியதற்கும் ஷட்டர் திறப்பதற்கும் இடையில் எவ்வளவு நேரம் போகிறது என்பது. முதலாவது கூடினால் முகம் கலங்கும். இரண்டாவது கூடினால் முகமே படத்தில் இருக்காது. எளிய கேமராவின் வரலாறு முழுக்க இந்த ரெண்டோடும் நடந்த மல்லுக்கட்டுதான்.

1839-இல் பிரான்சில் டாகேரின் முறை வெளியானபோது ஒரு படத்துக்கு நிமிடக் கணக்கில் வெளிச்சம் தேவைப்பட்டது. சில ஆண்டுகளில் லென்ஸும் ரசாயனமும் மேம்பட்டு அது விநாடிக் கணக்குக்கு இறங்கியது. நாலு வயதுப் பிள்ளைக்கு ஒரு விநாடியே ஒரு யுகம். நம் பக்கம், 1856-இல் சென்னையில் போட்டோகிராபிக் சொசைட்டி தொடங்கிவிட்டது. 1857, 1858-இல் லின்னேயஸ் டிரைப் மதுரை, தஞ்சாவூர் எல்லாம் போய் அற்புதமான படங்கள் எடுத்தார். அவற்றைப் பார்க்கிறவர்கள் முதலில் கவனிப்பது, கோயில் மண்டபங்கள் ஆளே இல்லாமல் கிடப்பதைத்தான். கல் தூண் அசையாது, மனிதர் அசைவார்கள் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

மேல்நாட்டு ஸ்டுடியோக்களில் இதற்கு ஒரு வேடிக்கையான வழி வைத்திருந்தார்கள். அம்மா மேல் ஒரு துணியைப் போர்த்தி நாற்காலி மாதிரி உட்கார வைத்து, மடியில் குழந்தையை அழுத்திப் பிடிக்கச் சொல்வார்கள். படத்தில் குழந்தை மட்டும் தெரியும், பின்னால் ஒரு துணிக் குவியல் தெரியும். எங்கள் படத்தில் ஆயாவுக்குத் துணி போர்த்தவில்லை. ஆனால் உற்றுப் பார்த்தால் அவர் கை அத்தையின் இடுப்பை இறுக்கிப் பிடித்திருப்பது தெரிகிறது. இடுப்பைப் பிடிக்க முடிந்தது, தலையைப் பிடிக்க முடியவில்லை.

1871-இல் ரிச்சர்ட் மேடாக்ஸ் உலர் தகட்டு முறையை வெளியிட்டார். அதை மற்றவர்கள் செப்பனிட்டபின் விநாடியின் சிறு பகுதியில் படம் எடுப்பது சாதாரணமானது. 1888-இல் ஜார்ஜ் ஈஸ்ட்மனின் கோடாக் வந்தது. 100 படம் எடுத்துவிட்டுக் கேமராவையே கம்பெனிக்கு அனுப்பிவிட வேண்டியதுதான், மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். என் அக்கா மகன் கேட்டது இதைத்தான்! ஆனால் விலை 25 டாலர். அந்தக் காலத்துக்கு அது பெரிய பணம். 1900-இல் அதே கம்பெனி பிரவுனி என்ற அட்டைப்பெட்டிக் கேமராவை 1 டாலருக்கு விற்றது. அதைப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்துவிடலாம் என்றுதான் விளம்பரம். முதல் ஆண்டிலேயே லட்சத்துக்கு மேல் விற்றதாகச் சொல்கிறார்கள்.

நம் ஊர்ப் பிரவுனி என்றால் அக்ஃபா கிளிக் III. பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் செய்த கேமரா. நம்மில் பல பேருடைய அப்பா அம்மா கல்யாணத்துக்கு அப்புறம் எடுத்த சதுரப் படங்கள் இதில் எடுத்தவையாக இருக்கலாம். ஒரு ரோலுக்கு 12 படம். ஃபோகஸ் செய்யும் வேலை கிடையாது. வெயிலா, மேகமா என்று மட்டும் பார்த்து ஒரு நெம்புகோலைத் தள்ள வேண்டும். ஷட்டர் வேகம் ஒன்றே ஒன்று, விநாடியில் சுமார் முப்பதில் ஒரு பங்கு.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஆறு வயதுப் பையன் விநாடிக்கு 3 மீட்டர் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். விநாடியில் முப்பதில் ஒரு பங்கு நேரத்தில் அவன் 10 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவான். அது கிட்டத்தட்ட அவன் முகத்தின் அகலம். படத்தில் எது விழும்? அத்தைக்கு விழுந்த அதே கலங்கல்தான். விநாடியில் 500-இல் ஒரு பங்கு என்றால் அவன் நகர்வது 6 மில்லிமீட்டர்தான். ஓட்டம் உறைந்து நிற்கும்.

ஃபிலிமுக்கும் நாம் ஏங்கிக்கொண்டிருந்த காலம் அது. 1960-இல் ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் தொடங்கப்பட்டு, 1967-இல் உற்பத்தி ஆரம்பித்தது. "இந்து" என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம், எக்ஸ்ரே ஃபிலிம் எல்லாம் வந்தன. 1990-களில் நலிவடைந்து, பின்னர் அதுவும் மூடப்பட்டது. உள்நாட்டிலேயே ஃபிலிம் வந்தாலும் ஒரு ரோலுக்கு 12 படம் என்பது 12 படம்தான். அதில் ஒன்றை ஓடுகிற பிள்ளைக்காகப் பந்தயம் கட்ட யாருக்கு மனசு வரும்? "ஆடாம நில்லு, சிரிக்காத" என்று நம் பெரியவர்கள் அதட்டியது கண்டிப்பால் மட்டும் இல்லை, சிக்கனத்தாலும்தான். அந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாரும் படத்தில் முறைத்துக்கொண்டு நிற்பதன் ரகசியம் இது. பிறகு 1980-களில் ஹாட்ஷாட், அதற்கப்புறம் கோடாக் கேபி10 என்று 36 படம் எடுக்கும் எளிய பெட்டிகள் வந்தன. பலரும் மூச்சு விட்டார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். இந்தப் பெட்டிகள் எல்லாவற்றிலும் ஃபோகஸ் நிலையானது. தேட வேண்டிய வேலையே இல்லை. அதனால் பட்டனை அமுக்கிய நொடியில் "க்ளக்" என்று ஷட்டர் விழும். முதல் நேரத்தில் தோற்ற கேமராக்கள் இரண்டாம் நேரத்தில் ஜெயித்திருந்தன. டிஜிட்டல் வந்தபோது இது தலைகீழானது.

டிஜிட்டல் படத்தின் வரலாற்றிலேயே குழந்தைகள்தான் முன்னால் நிற்கிறார்கள். 1957-இல் அமெரிக்காவில் ரசல் கிர்ஷ் என்பவர் ஒரு புகைப்படத்தை ஸ்கேன் செய்து கணினிக்குள் ஏற்றினார். 176-க்கு 176 புள்ளிகள். படத்தில் இருந்தது அவருடைய மூன்று மாதக் கைக்குழந்தை. 1975-இல் கோடாக்கில் ஸ்டீவன் சாசன் செய்த முதல் டிஜிட்டல் கேமரா ஒரு படத்தைக் கேசட்டில் பதிய 23 விநாடி எடுத்துக்கொண்டது. 1997-இல் பிலிப் கான் என்ற பொறியாளர், பிறந்த தன் மகளைப் படமெடுத்து ஆஸ்பத்திரியிலிருந்தே செல்போன் வழியாக நண்பர்களுக்கும் சொந்தக்காரர்களுக்கும் அனுப்பினார். கேமரா போனின் கதையை இங்கிருந்து தொடங்குகிறவர்கள் உண்டு. பிள்ளை பெற்றவனின் அவசரம் எத்தனை கருவிகளுக்குக் காரணம் பாருங்கள்.

நான் முதல் டிஜிட்டல் கேமரா வாங்கியது 2006-இல். மகளின் பள்ளி விளையாட்டு விழாவுக்கு எடுத்துப் போனேன். எம்பிக் குதிக்கிறாள் என்று அமுக்கினால், படத்தில் மணல் மட்டும் இருக்கும். கோட்டைத் தொடுகிறாள் என்று அமுக்கினால், படத்தில் அவள் சடை மட்டும் இருக்கும். அன்றைக்கு எடுத்த 60 படத்தில் அவள் முகம் இருந்தது ஏழில். கேமராவில் கோளாறு என்று நினைத்தேன். கோளாறு இல்லை. அந்தக் காலத்துச் சின்னக் கேமராக்கள் லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி, எங்கே கோடுகள் கூர்மையாகின்றன என்று தேடிக் கண்டுபிடித்த பிறகே ஷட்டரைத் திறந்தன. அதற்கு அரை விநாடி போனால் போதும், நம் கணக்குப்படி பிள்ளை ஒன்றரை மீட்டர் போய்விடும். பட்டனை முன்னாடியே பாதி அமுக்கி வைத்து ஃபோகஸை முடித்துவிட்டு, சமயம் வந்ததும் முழுசாக அமுக்க வேண்டும் என்று எனக்குத் தெரிய ஒரு வருடம் ஆனது.

பிறகு நிலைமை மாறியது. 2001-இல் வயோலா, ஜோன்ஸ் என்ற இருவர், கணினி ஒரு படத்தில் முகங்களைச் சட்டென்று கண்டுபிடிக்கும் முறையை வெளியிட்டார்கள். 2005-இல் நிகானின் சில சின்னக் கேமராக்கள் முகத்தைத் தேடி ஃபோகஸ் செய்தன. 2007-இல் சோனி, சிரித்தால் தானே படமெடுக்கும் கேமராவைக் கொண்டுவந்தது. இன்றைக்கு மிரர்லெஸ் கேமராக்கள் ஓடுகிற பிள்ளையின் கண்ணைப் பிடித்துக்கொண்டு கூடவே போகின்றன. நல்ல செல்போன்கள் இன்னொரு தந்திரம் செய்கின்றன. கேமராவைத் திறந்த நிமிடத்திலிருந்தே படங்களை எடுத்து எடுத்து நினைவில் வைத்திருந்து, நாம் தொட்ட கணத்தின் படத்தைப் பொறுக்கிக் கொடுக்கின்றன. இரண்டாம் நேரம் ஏறக்குறைய ஒழிந்துவிட்டது.

முதல் நேரம் ஒழியவில்லை, அது வெளிச்சத்தைப் பொறுத்தது. வீட்டுக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் செல்போன் பல படங்களைச் சேர்த்து ஒன்றாக்கப் பார்க்கும். பிள்ளை அசைந்தால் கை ரெண்டாகத் தெரியும், முகம் மெழுகு மாதிரி இருக்கும். பெரிய சென்சார் இங்கேதான் உதவுகிறது. பழைய சின்னக் கேமராக்களின் சென்சார் பரப்பைப் போலப் பதினைந்து மடங்கு வரை ஏபிஎஸ்-சி வகை சென்சாருக்கு உண்டு. வெளிச்சம் அதிகம் வாங்குவதால் ஷட்டரைச் சீக்கிரம் மூடிவிட முடியும்.

ஆக அக்கா மகனுக்குச் சொன்னது இதுதான். மெகாபிக்சல் எண்ணைப் பார்க்காதே. கடைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போ. அங்கேயே அவர்களை ஓடவிட்டு எடு, அமுக்கினதும் விழுகிறதா பார். ஓடும் மனிதன் படம் போட்ட முறையும், தொடர்ச்சியாகப் பல படம் எடுக்கும் வசதியும் எங்கே இருக்கின்றன என்று கேள். ஒரு கையில் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் இயக்க முடிகிறதா என்று தூக்கிப் பார். முற்றத்திலும் மைதானத்திலும்தான் எடுக்கப்போகிறாய் என்றால் உன் போனே போதும், காசைச் செலவழிக்காதே. வீட்டுக்குள், பள்ளி மேடையில் என்றால் கண்ணைப் பின்தொடரும் ஒரு சின்ன மிரர்லெஸ் வாங்கு. எதை வாங்கினாலும் காலை எட்டு மணி, சாயங்காலம் ஐந்து மணி வெளிச்சத்தில், பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து எடு.

கடைசியாக ஒன்றும் சொன்னேன். வருடத்துக்குப் பத்துப் படமாவது காகிதத்தில் போட்டு, பின்பக்கம் ஊரும் தேதியும் எழுதி வை. 2006-இல் நான் எடுத்த அந்த ஏழு படமும் ஒரு கம்ப்யூட்டரோடு போய்விட்டன. அத்தையின் கலங்கிய முகம் அறுபது வருடமாகப் பெட்டியில் இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் அப்படி அசைந்துபோன ஒரு படம் இருக்கலாம். கெட்டுப்போனது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். திருப்பிப் பாருங்கள், பின்னால் எந்த ஜில்லா என்று எழுதியிருக்கும்.