சதுரகிரி ஓடைகளுக்கு ஓர் அபாய அறிக்கை: பனிச்சரிவு ஆய்வு தரும் பாடம்

பனிமலைகளில் சறுக்கச் செல்வோர் வானிலையை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புவதில்லை. பனிச்சரிவு அறிக்கையையும் படிக்கிறார்கள். ஐரோப்பிய நாடுகள் 1993 முதல் 5 படிநிலைகள் கொண்ட பொது அபாய அளவுகோலைப் பின்பற்றுகின்றன. எந்த உயரத்துக்கு மேல், எந்தத் திசை பார்த்த சரிவில், எவ்வகை ஆபத்து என்று அவ்வறிக்கை பிரித்துச் சொல்லும். புதுப்பனியால் வருவது வேறு, ஈரப்பனியால் வருவது வேறு, அடியில் புதைந்து கிடக்கும் நலிந்த அடுக்கால் வருவது வேறு. பனியே உறையாத ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் மலைகளுக்கும் இம்முறை தேவை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2015 மே மாதம், அமாவாசை வழிபாட்டுக்காக இம்மலைத்தொடரிலுள்ள சதுரகிரிக்குச் சென்றிருந்த பக்தர்கள் காட்டாற்று வெள்ளத்தில் சிக்கினர், உயிரிழப்பும் நேர்ந்தது. அது கோடைக்காலம் என்பதைக் கவனிக்க வேண்டும். இம்மலையில் இருவகை ஆபத்து உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் தொடர்மழையால் ஊறிய மண் மேலும் நீரை ஏற்காமல் வழியவிடும். கோடையிலோ, மாலை இடிமழை ஒரு மணி நேரம் கொட்டினாலே போதும். பாறைமேல் மண் மெலிந்து கிடக்கும் செங்குத்துச் சரிவில் அது நேரே ஓடைக்கு வந்துவிடும். முன்னதற்குக் கடந்த சில நாள் மழைக்கணக்கு வேண்டும். பின்னதற்கு அக்கணக்கால் பயனில்லை. மேல்மலையில் அந்த நேரத்தில் பெய்யும் மழையை அளந்தாக வேண்டும். இரண்டுக்கும் ஒரே எச்சரிக்கை பொருந்தாது.

மாவட்டவாரியான முன்னறிவிப்பும் இங்கே போதாது. பக்தர்கள் ஏறத் தொடங்கும் தாணிப்பாறை விருதுநகர் மாவட்டம். அவர்கள் சென்றடையும் சுந்தரமகாலிங்கம் கோயில் மதுரை மாவட்டச் சாப்டூர் காட்டில் இருக்கிறது. அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போதே, வழியில் குறுக்கிடும் மாங்கனி ஓடையில் தண்ணீர் கலங்கலாம். தெளிந்த நீர் செம்மண் நிறமாகும், சருகும் சுள்ளியும் மிதந்து வரும், இரைச்சல் தடிக்கும். அதன்பின் கடப்பதற்கு அவகாசம் மிகக் குறைவு. ராஜபாளையம் அய்யனார்கோயில் ஆற்றிலும் இதே கதைதான். மறுகரையில் சிக்கியவர்களைத் தீயணைப்புத் துறையினர் கயிறு கட்டி மீட்க வேண்டியிருக்கிறது.

மழை எச்சரிக்கை வந்தால் வனத்துறை மலையேறத் தடை விதிக்கிறது, அதுவே போதாதா என்று கேட்கலாம். தடை உயிர் காக்கிறது. அதை மறுக்க முடியாது. ஆனால், மலைமேல் ஏற்கெனவே இருப்பவருக்குத் தடையால் என்ன பயன்? பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்த இயான் மெக்கமன், பழகிய இடம் என்ற நம்பிக்கையும் பிறர் போகிறார்களே என்ற துணிவும் அனுபவசாலிகளையே ஏமாற்றுவதை 2004-இல் எடுத்துக்காட்டினார். ஆண்டுதோறும் சதுரகிரி ஏறுபவர், இருட்டுவதற்குள் இறங்கிவிடும் அவசரத்தில், முன்னே போகிறவரைப் பார்த்தே ஓடையில் கால் வைக்கிறார். அந்த இடத்தில் அவருக்குத் தேவை ஓடையின் அப்போதைய நிலை.

ஆகவே மாங்கனி ஓடை, சங்கிலிப்பாறை போன்ற கடவுகள் ஒவ்வொன்றுக்கும், அவற்றின் மேல்மலை மழைமானிகளைக் கொண்டு, ஆபத்தின் வகையும் படிநிலையும் நேரமும் குறித்த அறிக்கையை வனத்துறையும் வானிலை ஆய்வு மையமும் சேர்ந்து வெளியிட வேண்டும். தாணிப்பாறை வாயிலில் மட்டுமன்றி, ஒவ்வொரு ஓடைக்கும் இரு கரைகளிலும் அது தமிழில் எழுதி வைக்கப்பட வேண்டும்.